சுவரைத் தாங்கும் பெண்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நாலு பேர்: தியாகலிங்கம், அவர் மனைவி பத்மாவதி, பத்மாவதியின் தம்பி மகேசன், மகேசனின் மனைவி உஷா. ஒக்லாந்தின் ஹில்ஸ்பரோவில் இருந்த அந்த வீட்டில் வேறு ஒருவரும் இருக்கவில்லை.

பட்டப்பகலில் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள்.

டிவியில் ஓடியது பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிய ஓர் இங்கிலிஷ் சிரிப்புப் படம். ஒக்லாந்திலேயே எடுத்தது. கதாநாயகியின் தோழியாக வந்தாள் தியாகலிங்கத்தின் மகள் கிருசாந்தி. தடித்த கண்ணாடி, பல்லுக்குக் கம்பி, போகிற இடமெல்லாம் தடுக்கி விழுகிற வேலை.

தியாகலிங்கத்தின் பரம்பரையைப் பார்த்து அதுவரை ஒருவரும் சிரித்ததில்லை. அந்தப் படத்தின் பேச்சையே வீட்டில் எடுக்கக்கூடாது என்றிருந்தார். பத்மாவதி சாப்பிடாமல் சுருண்டு கிடந்த பிறகுதான், ஒரே ஒரு தரம் என்று இறங்கி வந்தார். ரிமோட்டை மட்டும் கையை விட்டு விடவில்லை.

அந்த வருடம் அவர்கள் வீட்டில் தீபாவளி இல்லை. பொங்கலுக்குப் பானை வைக்கவில்லை. கோயில் தேருக்கும் போகவில்லை. விசாரித்தவர்களுக்குத் தியாகலிங்கம் தலையை மட்டும் ஆட்டினார்.

பத்மாவதி உழுந்துவடை சுட்டிருந்தாள். கிருசாந்திக்குப் பிடிக்கும் என்று இரண்டைத் தனித்தட்டில் எடுத்து வைத்தாள். அந்தத் தட்டை ஒருவரும் தொடவில்லை.

படத்தில் பள்ளிக்கூட நாடகம் வந்தது. மேடையில் பழைய பெரு நாட்டு இன்காக்களின் கோட்டை.

அந்தக் கோட்டைகளைப் பற்றிக் கிருசாந்திக்கு முதன்முதல் சொன்னவரே தியாகலிங்கம்தான். சிவில் எஞ்சினியர். சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்திய சுவர், இடுக்கில் கத்தி நுனிகூட நுழையாது, எங்கள் குடும்பமும் அப்படித்தான் என்று முடிப்பார். நில அதிர்ச்சி வரும்போது அந்தக் கற்கள் கொஞ்சம் அசைந்து கொடுக்குமாம், அதனால்தான் சுவர் நிற்கிறதாம் என்று அவள் ஒருநாள் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திரையில் அரசனும் அரசியும் முன்னால் நின்றார்கள். சுவர் சாயாமல் பின்னாலிருந்து தாங்குவது தோழியின் வேலை.

அரசன் அரசியை முத்தமிடக் குனிந்தான். எவனுக்கோ கயிற்றில் கால் தடுக்கியது. கோட்டை முழுவதும் கிருசாந்தியின் மேல் விழுந்தது.

"ஐயோ, அப்பா!"

இங்கிலிஷ் படத்தில் அந்த இரண்டு சொல் மட்டும் தமிழில் வந்தது. படத்தில் பள்ளிக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. மகேசனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உஷா அவர் தொடையில் கிள்ளினாள்.

"ரெஜிபோம் தானே அக்கா, பஞ்சு மாதிரி, நோகாது" என்று சமாளித்தார் மகேசன்.

தியாகலிங்கம் ரிமோட்டை உயர்த்தினார்.

பத்மாவதி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, நிப்பாட்டாதேங்கோ. பிள்ளை இன்னும் எழும்பேல்லை."

அவர் கை அப்படியே நின்றது.

ஆனால் படம் அரசனோடும் அரசியோடும் வெளியே போய்விட்டது. அவர்கள் கடற்கரையில் நடந்தார்கள், கோபித்தார்கள், சேர்ந்தார்கள். தோழி எழுந்தாளா என்று காட்டவில்லை. அப்படியானவர்களுக்கு அந்த மாதிரிப் படங்களில் முடிவு என்று ஒன்று கிடையாது.

கடைசியில் பெயர்கள் ஓடின. மற்ற எல்லோருக்கும் முழுப்பெயர். அவளுக்குக் கிருசாந்தி என்று மட்டும் இருந்தது, தகப்பன் பெயர் இல்லாமல். தன் பெயரைப் போடக்கூடாது என்று சொன்னவர் அவர்தான். அவள் சொல் தட்டவில்லை.

தியாகலிங்கம் டிவியை நிறுத்தினார். பத்மாவதி வடைத் தட்டை மூடி வைத்தாள்.

கிருசாந்தி செத்துப்போனாள், அந்தச் சாவுத் துடக்கில்தான் அவர்கள் ஒன்றும் கொண்டாடவில்லை என்று மனுரேவாப் பக்கத்துத் தமிழ் ஆட்களிடையே ஒரு கதை உலாவுகிறது. தியாகலிங்கம் இன்றுவரை அதை மறுக்கவில்லை.

அது பிழை. அவள் உயிரோடு இருக்கிறாள், படத்தில் நடித்ததற்காக அவர் வீட்டுக்குள் விடுவதில்லை, அவ்வளவுதான். பிளாக்ஹவுஸ் பே என்ற இடத்தில், அந்த வீட்டிலிருந்து காரில் பத்து நிமிட தூரத்தில்.