செலினுக்கு வைத்த இலை

சேஷெல்ஸ் தீவில் எங்கள் வீட்டில் பெண் குழந்தை பிறந்தால் ஒரு ஆமைக்குஞ்சு வாங்கிப் பட்டியில் விடுவோம். அவள் கல்யாண விருந்துக்கு அதுதான் கறி. என் தங்கை செலின் ஏழு வயதில், விழுந்த முன்பல் முளைக்கும் முன்பே, காய்ச்சலில் போய்விட்டாள். அவளுடைய ஆமை முப்பது வருஷம் பட்டியில் நின்றது.

போன மாதம் என் மூத்த மகள் ஓடெத்துக்குக் கல்யாணம். அவள் ஆமை விருந்துக்குப் போதவில்லை.

"செத்தவளுக்கு எங்கடி கல்யாணம்? அவ ஆமையையும் ஓட்டிட்டு வா," என்றார் என் புருஷன் அந்துவான்.

மாவிலையைக் காட்டி நான்தான் அழைத்து வந்தேன். நம்பிப் பின்னாலேயே வந்தது.

இப்போது பட்டியில் இளைய மகள்களின் மூன்று ஆமைகள்தான். நான் தினமும் நான்கு கட்டு மாவிலை போடுகிறேன்.

"மூணு உருப்படிக்கு நாலு கட்டா? எண்ணத் தெரியாதா உனக்கு?" என்றார் அந்துவான்.

"செலின் ஆமைக்குப் போட்டுப் போட்டுக் கை பழகிடுச்சுங்க."

நான்காவது கட்டும் தீர்ந்துவிடுகிறது. இன்று காலை அதில் ஒரே ஒரு இலை மிச்சம் கிடந்தது. ஓரத்தில் சின்னச் சின்னப் பல் தடங்கள். ஆமைக்குப் பல் கிடையாது.

முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இலை கடிபடவில்லை.

நாளைக்குக் கொழுந்தாகப் பார்த்துப் பறிக்க வேண்டும்.