சுவரில் இல்லாத படங்கள்

“ஏன்னா, செவுத்தைப் பாருங்கோ! ஆபரேஷன் ஆனவா அத்தனை பேரும் போட்டோவுல டாக்டரோட சிரிச்சுண்டு நிக்கறா. நீங்க மட்டும் ஏன் இப்படி நடுங்கறேள்?”

காக்ஸ் டவுன் மருத்துவமனை ஒன்றில், முதுகு ஆபரேஷனுக்காகப் பச்சை அங்கி மாட்டிப் படுத்திருந்தார் பேராசிரியர் வெங்கடசுப்ரமணியன். ஒரு சிகிச்சையைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, மொத்தத்துக்கும் ஒரே தீர்ப்புச் சொல்வதில் புலி. இன்று பயத்தில், சம்மதப் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்.

“அதான்டி பயமே, அலமு. சிரிக்காதவா படமெல்லாம் எங்கே?”

“நடக்க முடியாமப் போனவா போட்டோவுக்கு எப்படி வந்து நிப்பா?” என்றாள் அலர்மேல்மங்கை, ஆறுதலாக.

அவர் போர்வைக்குள் கால்விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

“ஆராய்ச்சியிலயும் இதே கதைதான். பலிச்சது பத்திரிகையில வரும். பலிக்காதது மேஜை டிராயர்ல தூங்கும்.” போர்வையின் மேல் விரலால் ஒரு கவிழ்த்த புனலை வரைந்தார். “ஒவ்வொரு ஆய்வும் இதுக்குள்ள ஒரு புள்ளி. நேர்மையா இருந்தா ரெண்டு பக்கமும் விழணும். ஒரு பக்கம் காலியா இருந்தா, பலிக்காததை எவனோ மறைச்சிருக்கான். அப்படி மறைச்சவா எத்தனை பேரை மேடையிலயே நிறுத்தி மானத்தை வாங்கியிருக்கேன், தெரியுமோ?”

“பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லே.”

“ஸ்வல்ப வலிக்கும் சார். அப்புறம் தூக்கம் வந்துடும்” என்று நர்ஸ் லவினா ஊசியைக் குத்தினாள்.

டாக்டர் ஷ்ரேயாஸ் உள்ளே வந்ததும் பேராசிரியர் தலையைத் தூக்கினார். “டாக்டர், நிஜத்தைச் சொல்லுங்கோ. இந்தச் செவுத்துக்கு வராதவா எத்தனை பேர்?”

ஷ்ரேயாஸ் சிரித்தார். “செவுத்தை நானே நம்பறதில்லை சார். அது மேனேஜ்மென்ட் மாட்டினது. முதுகெலும்புல திருகாணி போடற பழைய முறையை விட்டு இந்தப் புது முறைக்கு நான் மாறினதே ஒரு கட்டுரையைப் படிச்சுத்தான். ‘எந்த ஆய்வும் மறைக்கப்படவில்லை’ன்னு உத்தரவாதமே கொடுத்திருக்கார் அதை எழுதினவர்.”

“புது முறையா? யா... யாரு எழுதினது?”

“நீங்கதான் சார்! படிவத்துலயே முறையோட பேர் போட்டிருந்துச்சே, பார்க்கலையா?”

அலர்மேல்மங்கை பூரித்துப்போய்க் கைகூப்பினாள்.

அந்த முறையில் கால் முடங்கியதைச் சொன்ன மூன்று ஆய்வுகள் தம் மேஜை டிராயரில் பூட்டிக் கிடப்பதைச் சொல்ல வெங்கடசுப்ரமணியன் வாயைத் திறந்தார். ஊசி அவர் நாக்கை முந்திக்கொண்டது.