சேஸிஸைப் பார்க்க வந்தவள்

அந்தப் பெண் இந்தச் சனிக்கிழமையும் வந்துவிட்டாள்.

எம்மட் சேஸிஸுக்கு அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். ஷெட் வாசலில் அதே நரைத்த தலை, அதே சாம்பல் நிறக் கோட்டு. கையில் துணி போட்டு மூடிய தட்டு.

"உள்ள வரலாங்களா?"

"வாங்க" என்றார், வேறு வழியில்லாமல்.

நாலு வாரமாக இதே கதைதான். வருவாள். ஆப்ரிகாட் வைத்த கொலாச்சி பன் தட்டை மேஜைமேல் வைப்பாள். கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, சேஸிஸையே கால் மணி நேரம் பார்ப்பாள். போய்விடுவாள். அவள் காரின் நம்பர் பக்கத்து மாவட்டத்தது. அதற்கு மேல் எம்மட்டுக்கு ஒன்றும் தெரியாது.

முதல் வாரம், "காயலான் கடைல சொன்னாங்க. நெடுஞ்சாலைல அடிபட்ட அந்த நீல எஸ்.யூ.வி.தானே இது?" என்று மட்டும் கேட்டாள். "ஆமாம்மா" என்றதும் முகம் வெளுத்துப்போனது.

அன்றிலிருந்து எம்மட்டுக்கு வேலை ஓடவில்லை.

அவருடைய 1951 செவர்லே பிக்கப்பின் மேல்கட்டு இன்னும் கல்லு மாதிரி இருந்தது. அடிச்சட்டம்தான் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. காயலான் கடையில் இந்த எஸ்.யூ.வி. கிடைத்தது. உடம்பு ஒரு பக்கம் நசுங்கல். கீழே சேஸிஸ், எஞ்சின், பிரேக் எல்லாம் புத்தம் புதுசு மாதிரி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் இரண்டு வண்டிக்கும் ஒன்றரை அங்குலம்தான் வித்தியாசம். பிக்கப்பின் மேல்கட்டை இதன்மேல் அப்படியே ஏற்றிவிடலாம் என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

நசுங்கின உடம்பைக் கழற்றும்போதுதான் பின் சீட்டு இடுக்கில் கிரேயான் துண்டுகளைப் பார்த்தார். அப்போதே மனசு என்னமோ செய்தது. இப்போது இவள் வேறு.

ஊரில் வாய் சும்மா இருக்குமா? காபிக் கடையில் ஆர்வில் கேட்டான்: "யோவ் எம்மட், பொணத்துக்குச் சட்டை மாட்டுற வேலை எப்படிப் போகுது?"

வீட்டில் மனைவி நடீன் இன்னும் மோசம். "செத்த வீட்டுச் சாமான வச்சு விளையாடிக்கிட்டு இருக்கீங்க. அந்தம்மா மூஞ்சியப் பாத்தீங்களா? அது பெத்தவ மூஞ்சி. அந்தப் பன்னு என் தொண்டைல இறங்கமாட்டேங்குது. இன்னிக்கு வந்தா நேராக் கேட்டுருங்க."

இப்போது நடீனே அவர் பின்னால் வந்து நின்றுகொண்டாள். மேலே செயின் பிளாக்கில் பிக்கப்பின் கேபின் தொங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு இறக்கி உட்காரவைக்க வேண்டிய நாள்.

எம்மட் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிடுங்க. இத்தோட நிறுத்திடறேன். சேஸிஸ நீங்களே எடுத்துக்குங்க. எனக்கு வேற கிடைக்கும்."

அவள் பதறிப்போனாள். "ஐயோ, எதுக்குங்க நிறுத்தணும்? ஓடணுங்க இது! இன்னும் முப்பது வருஷம் ஓடணும்!"

எம்மட் நடீனைப் பார்த்தார். நடீன் எம்மட்டைப் பார்த்தாள்.

"அப்ப இந்த மூலையப் பிடிங்க" என்றார் எம்மட். "கேபின் ஆடாம இறங்கணும்."

சங்கிலி கடகடவென்று இறங்கியது. ஒரு பக்கம் நடீன், ஒரு பக்கம் அவள். எம்மட் பற்றவைத்திருந்த தாங்கிகள்மேல் கேபின் பொத்தென்று உட்கார்ந்தது. குனிந்து பார்த்தார். ஓட்டைக்கு ஓட்டை நேர். போல்ட் விரலாலேயே இறங்கியது.

"உக்காந்துருச்சு!" என்று கத்தினார். தொங்கிப்போன முகம் நாலு வாரத்தில் அன்றுதான் மலர்ந்தது.

அவள் தரையில் மண்டியிட்டாள். கேபினுக்குக் கீழே தெரிந்த இடது பக்கச் சட்டத்தை முதல்முறையாகத் தொட்டாள்.

"இது வளையவே இல்லீங்களா?"

"ஒரு நூலு வளையல. மூலைக்கு மூலை நாலு தடவை அளந்துட்டேன். இந்தப் பக்கக் கதவு ரெண்டும் காகிதமாக் கசங்கிக் கிடந்துச்சும்மா. மோதின காரை இதுதான் பிடிச்சு நிறுத்தியிருக்கு."

அவ்வளவுதான். சட்டத்தில் நெற்றியை வைத்து அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நடீன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

"வண்டில எத்தனை பிள்ளைங்கம்மா?"

"மூணு. மூணும் பின் சீட்டுல."

"கர்த்தரே! மூணுமா போயிருச்சு?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "இல்லீங்க! ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. மூணும் பள்ளிக்கூடம் போகுதுங்க. அவங்கம்மாவும் நல்லா இருக்கா."

எம்மட் அவள் பக்கம் குனிந்தார். "அட, அப்புறம் ஏம்மா அழறீங்க? பேரப்பிள்ளைங்க பொழைச்சதுக்குச் சந்தோஷப்படணும்ல?"

"என் பேரப்பிள்ளைங்க இல்லீங்க. அவங்க பேரே எனக்குக் கோர்ட்டுலதான் தெரிஞ்சுது. அவங்க வீட்டு வாசல்ல போய் நிக்க எனக்கு முகமில்ல. இதுகிட்டயாவது நன்றி சொல்லிட்டுப் போகலாம்னுதான் வாராவாரம் வர்றேன்."

"நீங்க எதுக்கும்மா நன்றி சொல்லணும்?"

அவள் சட்டத்திலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்:

"போன்ல பதில் தட்டிக்கிட்டே வந்து அவங்க மேல மோதினவ நான்தாங்க."