கூட்டுக்குள் வந்த விளக்கு

புதுக்கூடு கட்டி முடித்த தூக்கணாங்குருவியிடம் ஒரு மின்மினி வந்தது. "உள்ளே இருட்டா இருக்கே அக்கா. நான் விளக்கா இருக்கேன். நீங்க எதுவும் தர வேண்டாம்" என்றது. குருவி மகிழ்ந்துபோய்த் தலையாட்டியது.

குருவி முட்டையிட்ட சில நாளில், ஒரு சாயங்காலம், எதிர்மரத்துக் காகம் அதை வழிமறித்தது. "முட்டை வைச்சிருக்கியாமே? தினமும் இந்த நேரத்துல இரைக்குப் போயிடுறியாமே?" என்று சிரித்தது.

 குருவி கூட்டுக்குப் பறந்தோடி வந்தது. மின்மினி வாசலில் உட்கார்ந்து, எதிர்மரத்தைப் பார்த்தபடி விட்டு விட்டு மினுக்கிக்கொண்டிருந்தது.

"யாருக்குடா சேதி சொல்றே?"

"காகத்துக்குத்தான். அவர்தானே எனக்குப் படியளக்கிறார்! நீங்களும் அன்னைக்கே தலையாட்டினீங்களே?"

"வெளிச்சத்துக்குத்தானேடா தலையாட்டினேன்! என் வீட்டை வேவு பார்க்கவா சொன்னேன்?"

குருவி அதைக் கொத்தி வெளியே வீசியது. ஆத்திரம் அடங்காமல், இரைக்கும் போகாமல், இருட்டில் முட்டைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

பக்கத்துக் கூட்டுக் குருவி எட்டிப் பார்த்தது. "பாவம், நீ இங்கே வா தம்பி. மறைக்கிறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?" என்றபடி, தன் முட்டைகளை ஓரமாக ஒதுக்கி மின்மினிக்கு இடம் விட்டது.