ஜோடி நம்பர்

செல்போன் கடை மேசையில் அவள் இரண்டு சிம் அட்டைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

ஜோடி நம்பர். நிச்சயம் முடிந்ததும் மாப்பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு அதற்கு அடுத்தது. மாப்பிள்ளை வீட்டில் அதுதான் வழக்கமாம்.

"தம்பியோடது கூட்டினா ஒன்பது. ஒன்னோடது கூட்டினா ஒன்னு. ரெண்டும் ராசியான நம்பரும்மா," என்றாள் மாப்பிள்ளையின் அக்கா செண்பகவல்லி. முகூர்த்தச் சேலையை எடுத்ததும் செண்பகவல்லிதான், மண்டபத்தைப் பிடித்ததும் செண்பகவல்லிதான்.

அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

நிச்சயமானதிலிருந்து 'சாப்ட்டாச்சா' என்பதைத் தவிர அவன் அவளிடம் எதையும் கேட்டதில்லை. கணக்கில் எம்.எஸ்சி. என்று சொன்னபோதும் "ஓ" என்றான். அவ்வளவுதான். எதையும் ஏன் என்று கேட்காத மனுஷனோடு ஆயுசு முழுக்க எப்படிக் குப்பை கொட்டுவது? நினைத்தாலே பயமாக இருந்தது.

நம்பரை எண்ணாகப் படித்துப் பார்த்தாள். தொள்ளாயிரத்துச் சொச்சம் கோடி. அடேயப்பா, இத்தனை பெரிய எண்ணை வைத்துக்கொண்டா ஜனங்கள் வெறும் ஹலோ சொல்கிறார்கள்!

அவனுடையது நான்கில் முடிந்தது. இரண்டால் வகுபடும். கூட்டினால் ஒன்பது என்பதால் ஒன்பதாலும் வகுபடும்.

அவளுடையது ஐந்தில் முடிந்தது.

கேட்டே விடுவோம் என்று தோன்றியது.

"இந்த ரெண்டு நம்பரையும் மீதி இல்லாம வகுக்கிற எண் ஏதாவது இருக்கா, சொல்லுங்க பாப்போம். ஒன்ன மட்டும் விட்டுருங்க."

இன்னொரு "ஓ"வுக்காகக் காத்திருந்தாள்.

அவன் கடைக்காரரின் பெரிய கால்குலேட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஏழு. அவன் நம்பரில் போனது. அவள் நம்பரில் போகவில்லை.

பதினொன்று இரண்டிலும் போகவில்லை. பதிமூன்று அவளுடையதில் மட்டும் போனது.

"அடச்சே," என்றான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

பதினேழு. பத்தொன்பது.

"தம்பி, ராகுகாலம் வந்துரும். வாங்கிட்டு எந்திரி."

"இரு அக்கா."

செண்பகவல்லி எழுந்து வாசலுக்குப் போனாள்.

அவன் பெண் பக்கம் திரும்பினான். "ஒன்னுகூட இல்லையா? எந்த நம்பர எடுத்தாலும், அதுக்கு அடுத்த நம்பருக்கும் இப்படித்தானா? ஏன்?"

ஏன்!

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. விடை நாக்கு நுனியில் நின்றது. சொல்லவில்லை.

அவன் கால்குலேட்டரைத் தள்ளி வைத்துவிட்டு அட்டைகளையே வெறித்தான்.

"ஒரு எண் ரெண்டையும் வகுத்தா... ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் அது வகுக்கணும்ல?"

"ம்."

"நமக்குள்ள வித்தியாசமே ஒன்னுதான..."

செண்பகவல்லி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்க போய்ட்டே இருங்க மதினி," என்றாள் அவள். "நாங்க வர நேரமாகும்."