டிக்கிக்குள் குக்கர்

கேதீஸ்வரனின் கார் டிக்கிக்குள் பிரஷர் குக்கரைக் கண்டதும் வரதராஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மூடியைத் திறந்தார். மசாலா பிரட்டிய ஆட்டிறைச்சி, பூப்போல அவிந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

"என்ன கேதீஸ் இது?"

கேதீஸ்வரன் தோளில் இருந்த கரிமூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தலைகுனிந்தான்.

ஹோம்புஷ் பூங்காவில் புலம்பெயர் தமிழர் சங்கம் ஆறு வருஷமாக நடத்துகிற பார்பிக்யூ போட்டி அது. அதற்கு அரசாங்க அங்கீகாரம் வாங்கவேண்டும் என்று செயலாளர் வரதராஜா எழுதாத கடிதம் இல்லை, ஏறாத படி இல்லை. ஒருவழியாக ஹெலன் என்ற அதிகாரி இன்றைக்கு நேரில் பார்க்க வருகிறார். அவருக்குத் திருப்தி என்றால் பத்திரம் கையோடு கிடைத்துவிடும்.

நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். இறைச்சியைப் பச்சையாகக் கொண்டுவந்து, எல்லார் கண்முன்னாலும் நெருப்பில் வாட்டவேண்டும். வீட்டிலேயே அவித்துக்கொண்டு வரக்கூடாது. இதை வரதராஜா வீடு வீடாகப் போன் எடுத்துச் சொல்லியிருந்தார்.

"மூண்டு வருஷமா முதல் பரிசு வாங்கினது இப்பிடித்தானோ?"

"அண்ணை..."

"கதையாதையும்! அந்த வெள்ளைக்கார மனிசி கண்டிருந்தா என்ர பாடெல்லாம் மண்ணாப் போயிருக்கும்!"

சத்தம் கேட்டுச் சனம் கூடிவிட்டது. வரதராஜாவின் மனைவி இரஞ்சிதம் தங்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"இஞ்சேருங்கோ, நான் சொல்லுறதைக் கொஞ்சம்..."

"களவுக்கு வக்காலத்து வாங்க வந்தனீரோ? பேசாம இரும்!"

கேதீஸ்வரன் நிமிர்ந்தான். "விடுங்கோ அக்கா. பிழை என்ரதான். நான் விலகுறன்."

அதோடு விட்டாரா வரதராஜா? மைக்கைப் பிடித்து, மூன்று வருஷச் சாம்பியன் என்று பெயரைச் சொல்லி, காரணத்தையும் சொல்லி, கேதீஸ்வரன் குடும்பம் போட்டியிலிருந்து நீக்கப்படுவதாக அறிவித்தார். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை.

கேதீஸ்வரனின் மனைவி வைதேகி யார் முகத்தையும் பார்க்காமல் காரில் ஏறினாள். அவர்களுடைய சின்ன மகள் மட்டும், ஏன் வீட்டுக்குப் போகிறோம் என்று கேட்டு அழுதாள்.

ஆங்கில அறிவிப்பு நடக்கும்போதே ஹெலன் வந்து நின்றதை வரதராஜா கவனிக்கவில்லை.

"சொந்தச் சாம்பியனையே வெளியே அனுப்புகிறீர்களா?" ஹெலனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இப்படியொரு நேர்மையை நான் எந்தப் போட்டியிலும் கண்டதில்லை."

மற்ற அடுப்புகளைச் சும்மா ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கைதட்டலில் பூங்கா அதிர்ந்தது.

வரதராஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்திரத்தை நெஞ்சோடு அணைத்தபடி தங்கள் அடுப்புக்கு வந்தார். செயலாளரும் போட்டியாளர்தான், நடுவர்கள் வெளியாட்கள்.

அங்கே இரஞ்சிதம் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏனப்பா அழுறீர்? அந்தக் கள்ளனுக்காகவோ?"

"கேதீஸ் கள்ளனில்லை. அவற்ர இறைச்சி பச்சையா ஐஸ் பெட்டிக்குள்ளதான் கிடந்தது."

"அப்ப குக்கருக்குள்ள கிடந்தது?"

"எங்கட."

வரதராஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வருஷா வருஷம் நீங்கள் வாட்டுறது செருப்புத்தோல் மாதிரி. சனம் பின்னால நிண்டு சிரிக்குது. எனக்குத் தாங்கேலாமல், பாதி இறைச்சியை வைதேகியிட்டக் குடுத்து அவிச்சுத் தரச் சொன்னனான். எங்கட வீட்டில விசில் கேட்டா நீங்கள் விடுவியளோ? வைதேகி மாட்டன் எண்டுதான் சொன்னவள். நான்தான் கெஞ்சினனான்."

அடுப்பில் எதுவோ கருகியது. அத்தனை பேருக்கு முன்னால், மைக்கில், இரண்டு மொழியில் சொன்னதெல்லாம் வரதராஜாவின் காதிலேயே திரும்பக் கேட்டது.

"அவன்... அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

இரஞ்சிதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லியிருந்தா, இந்தப் பத்திரம் இப்ப உங்கட கையில இருக்குமோ?"