மூன்றாவது ஆள்

வாஷிங்டன் போகும் நெடுஞ்சாலையில், காரில் மூன்று பேர் இருந்தால்தான் விரைவுத் தடத்தில் போகலாம். அதனால் தினமும், இதற்காகவே சாலையோரம் வரிசையில் நிற்பவர்களில் இருவரை ஏற்றிக்கொள்வேன். வழியில் பேசுவதில்லை என்பது எங்கள் வழக்கம். இறங்கும்போது மட்டும் நன்றி சொல்வார்கள்.

கொரோனாவுக்கு முந்தைய கடைசி வாரம், அந்த வரிசையில் அடிக்கடி நிற்கும் லொரெய்ன் பின்சீட்டில் வந்தாள். நான் வழியெல்லாம் இருமினேன். அடுத்த மாதம் அவள் இறந்துபோனாள்.

இரண்டு வருடம் கழித்து அலுவலகம் திறந்த அன்று, வரிசையில் பழைய ஆள் டுவைட் மட்டும் நின்றார்.

"இன்னொருத்தர் வரலியே?"

"யாரு வருவா? எல்லாரும் வீட்ல பைஜாமாவோட பழகிட்டாங்க," என்று முன்சீட்டில் ஏறினார்.

எனக்கு நேரமாகிவிட்டது. துணிந்து விரைவுத் தடத்தில் நுழைந்தேன். இரண்டு மைலில் போலீஸ்காரர் மடக்கினார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்க மேடம், ரெண்டு பேர்னு நெனச்சுட்டேன். பின்னாடி ஜன்னலக் கொஞ்சம் இறக்கி விடுங்க. அவங்க ரொம்ப இருமறாங்க."

டுவைட் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. பதினான்காம் தெருவில் அவர் நன்றி சொல்லிவிட்டுக் கதவைக்கூடச் சாத்தாமல் நடந்தார்.

நான் காத்திருந்தேன். பின்னாலிருந்து நன்றி வரவில்லை. மாலையில் வீட்டு வாசலில் நிறுத்தியபோதும் வரவில்லை.

"இன்னிக்கு நீச்சல் கிளாஸ்மா, மறந்துட்டியா?" என்று என் ஏழு வயது மகள் ஹேஸல் ஓடிவந்தாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.